சிலந்தி மோதிரமும் மற்றவையும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படங்கள் வந்தன. சிலந்தி மோதிரம் நன்றாக வந்திருக்கிறது. கம்பியை ஒரே அளவாக வெட்டி, ஒவ்வொரு காலையும் முட்டியில் மடித்திருக்கிறாய் பார், அந்த நிதானம் உன் அண்ணனுக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது. ஆனால் எட்டுக் காலையும் பின்னால் இருக்கும் பெரிய உருண்டையில் சொருகிவிட்டாய். சிலந்திக்குக் கால் எல்லாம் முன் உருண்டையில்தான். பெரியது வயிறு, அதில் கால் கிடையாது. உன் பயலின் வகுப்பில் ஏதாவது ஒரு பொல்லாத வாண்டு இதைக் கண்டுபிடித்துச் சிரிக்கும், அதனால் சொல்கிறேன்.

அப்பாவுக்கு நாலு வரி எழுத நேரமில்லை, சிலந்திக்குக் கால் ஒட்ட நேரம் இருக்கிறது. இருக்கட்டும்.

பேய் வேஷம் போடுகிற ஹாலோவீன் நாளான அக்டோபர் 31-க்குள் இந்த நகைகளை முடிக்க வேண்டும் என்கிறாய். கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுங்கள், வேறெதையும் கிளறாதீர்கள் என்பது அம்மாவின் உத்தரவு. அப்படியே செய்கிறேன்.

முதலில் அந்தக் கண் பதக்கம். கண்ணாடிக் குமிழின் தட்டையான முதுகில் நெயில் பாலிஷ் பூசியிருக்கிறாய், சரிதான். ஆனால் காகிதத்தில் வரைகிற வழக்கத்தில் வெள்ளையை முதலில் பூசிவிட்டாய் என்று நினைக்கிறேன். கண்ணாடியின் முதுகில் எல்லாம் தலைகீழ். கருமணிதான் முதலில். பூனைக்கண் வேண்டுமென்றால் ஊசி முனையால் ஒரு நீளக்கோடு. அது நன்றாகக் காய்ந்த பிறகு அதன் மேலேயே பச்சையோ மஞ்சளோ, கடைசியில்தான் வெள்ளை. நடுவில் அவசரப்பட்டால் புதுப் பூச்சில் இருக்கும் கரைப்பான் பழைய பூச்சை இளக்கி இரண்டையும் குழப்பிவிடும். உன் கண் கலங்கியிருப்பது அதனால்தான். ஒவ்வொரு பூச்சுக்கும் நேரம் கொடு. உனக்கு எதிலும் அவசரம்.

வலை மாலைக்கு, பசையை உருக்கித் தள்ளுகிற குளூ கன் போதும். ஓவன் தட்டில் விரிக்கிற, பசை ஒட்டாத பேக்கிங் பேப்பரில் பென்சிலால் வலையை வரைந்து, அதைத் திருப்பிப் போட்டு, தெரிகிற கோட்டின் மேல் பசையை இழு. ஆரக்கால்களை முதலில் போடு, பிறகு குறுக்கு இழைகள். குறுக்கு இழை நேர்கோடாக இருந்தால் ஜன்னல் கம்பி மாதிரி தெரியும், நடுப்பக்கம் கொஞ்சம் தொய்ந்து வளைய வேண்டும். ஆறியதும் உரித்தெடுத்து கறுப்பு அடி. குறைந்த சூட்டு கன் என்று விற்பதுகூட 120 டிகிரிக்குப் பக்கம் போகும். தோலில் விழுந்தால் பிடுங்காதே, தோலும் சேர்ந்து வரும். குழாயைத் திறந்து 20 நிமிஷம் தண்ணீரில் காட்டு. நீ கன்னைப் பிடித்திருக்கும்போது பயலை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். சாயங்காலம் வீட்டில் ஆள் இருக்கும்தானே?

மண்டையோட்டு மணிகளுக்கு பாலிமர் களிமண் எடுத்திருக்கிறாய். அது பெயருக்குத்தான் களிமண், உள்ளே இருப்பது பிவிசி என்கிற பிளாஸ்டிக். பல வகைகளுக்கு 130 டிகிரி, 6 மில்லிமீட்டர் கனத்துக்கு 15 நிமிஷம் என்று கணக்கு. உன் பாக்கெட்டில் வேறு எண் இருந்தால் அதையே நம்பு. ஓவனின் குமிழை நம்பாதே, உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வை. சூடு மீறிக் கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், மூக்கும் தொண்டையும் எரியும். அப்படி ஆனால் ஓவனை அணைத்து, ஜன்னலைத் திறந்து, பயலைத் தூக்கிக்கொண்டு வெளியே போ. களிமண் வைத்த தட்டில் பிறகு சாப்பாடு வைக்கக்கூடாது. இன்னொன்று, சூப்பர் குளூவைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதே. பருத்தி பட்டால் அது சட்டென்று இறுகி, சுடுகிற அளவுக்குச் சூடாகும்.

இருட்டில் ஒளிரும் பொடி வாங்கும்போது ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் என்று போட்டிருக்கிறதா பார். பழைய துத்தநாக சல்ஃபைடு சீக்கிரம் மங்கிவிடும், இது நெடுநேரம் நிற்கும். வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் காட்டிவிட்டுப் போட்டுவிடு. தூரிகையை வாயில் வைத்து முனை பிடிக்கிற பழக்கம் உனக்கு இன்னும் போகவில்லை என்று தெரியும். 1920-களில் கடிகாரத்துக்கு ரேடியம் பூசிய அமெரிக்கப் பெண்கள் அப்படித்தான் செய்து தாடை அழுகிச் செத்தார்கள். இதில் ரேடியம் இல்லை, இருந்தாலும் வாயில் வைக்காதே. எல்.ஈ.டி. கம்மலுக்கான பட்டன் பேட்டரி வேண்டவே வேண்டாம். குழந்தை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொத்துவிடக்கூடும். பயலின் மாலையில் கொக்கி போடாமல் இழுத்தால் பிரிகிற மாதிரி வெல்க்ரோ வை. தூரிகையை வாயில் வைக்காதே.

கறுப்பு மணியெல்லாம் பார்த்தால் துக்க வீட்டு நகை மாதிரி இருக்கிறது என்று அம்மா முகம் சுளித்தாள். அது நிஜமாகவே அங்கிருந்து வந்ததுதான். 1861-ல் கணவர் ஆல்பர்ட் இறந்த பிறகு விக்டோரியா மகாராணி 1901-ல் தான் சாகும்வரை கறுப்பை விடவில்லை. இங்கிலாந்தில் விட்பி என்ற ஊரில் கிடைக்கும் ஜெட் என்ற கறுப்புக் கல்லுக்கு அந்தக் காலத்தில் அப்படி ஒரு கிராக்கி. வாங்க முடியாதவர்கள் கறுப்புக் கண்ணாடியிலும் கெட்டி ரப்பரிலும் செய்து போட்டார்கள். இதையெல்லாம் உனக்கு எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மோதிர அடித்தட்டில் நிக்கல் இருக்கும். மலிவான வளையம், கொக்கி பலவற்றிலும் உண்டு. வியர்வையில் கரைந்து தோலில் அரிப்பும் தடிப்பும் வரும். உள்பக்கம் நிறமில்லாத நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு பூசு. விரலில் அரிப்பு வந்ததால்தான் எல்லா மோதிரத்தையும் கழற்றி வைத்திருக்கிறாய் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவளும் சரி என்றாள். அவள் வளையலை அழித்துச் செய்த மோதிரம் 22 காரட், அதில் சேர்ப்பது செம்பும் வெள்ளியும் என்று அவளுக்குத் தெரியாதா?

களிமண் பிசையும்போது யாரும் மோதிரத்தைக் கழற்றத்தான் செய்வார்கள். ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் பாப்பா. சிலந்தி நடுவிரலில் இருக்கிறது. பக்கத்து விரலில் ஒரு வெளுத்த தடம்கூட இல்லை. வருஷக்கணக்கில் போட்டதை அன்றைக்குக் கழற்றியிருந்தால் தடம் இருக்கும். விரல் முழுக்க ஒரே நிறம் என்றால் எப்போதோ கழற்றியிருக்கிறாய். இந்த வரியை எழுதத் தைரியம் வராமல்தான் மேலே ஓவன், ரேடியம், மகாராணி என்று சுற்றியிருக்கிறேன். நீ பதில் எழுதியே ஆக வேண்டும் என்றில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றால் என் நம்பருக்கு மட்டும் எழுது. நான் தனியாக வைத்துக்கொள்வேன்.

நகைத் துண்டுகளைக் கோக்கிற சின்னக் கம்பி வளையம் இருக்கிறதே, ஜம்ப் ரிங், அதை இரு பக்கமும் விரித்துத் திறக்காதே, திரும்ப வட்டமாகாது. இரண்டு குறடால் பிடித்து ஒரு முனையை முன்னும் மறுமுனையைப் பின்னுமாகத் திருப்பு, மூடும்போதும் அப்படியே. என்னிடம் இருக்கும் சின்னக் குறடு இரண்டையும் துடைத்து எண்ணெய் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன், நாளைக்கே தபாலில் போட்டுவிடலாம். பழைய விலாசத்துக்கே அனுப்பலாமா? வேறு விலாசம் என்றால் அதை மட்டும் எழுது.

அப்பா