அன்று கேன்சாஸ் ஆட்டத்தை ஆன்டெனாவில் பார்த்தார்கள்: ஏ.சி.சி.க்கு ஒரு திறந்த மடல்

ஏ.சி.சி. (அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு லீக்) ஆணையர் ஜிம் பிலிப்ஸ் அவர்களுக்கும், 18 பல்கலைக்கழகங்களின் தலைவர்களுக்கும்,

வணக்கம். வட கரோலினாவில், ராலே பக்கத்திலுள்ள கேரியில் குடியிருக்கிறேன். கல்லூரிக் கூடைப்பந்து எனக்கு இந்த ஊருக்கு வந்தபிறகு ஒட்டிக்கொண்ட பைத்தியம். உங்கள் கல்லூரி எதிலும் நான் படித்ததில்லை, சீசன் டிக்கெட்டும் கிடையாது. டிவியில் பார்ப்பவன், அவ்வளவுதான். மடலைத் தமிழில் எழுதக் காரணம், கேரியிலும் மோரிஸ்வில்லிலும் என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறோம். முதலில் அவர்கள் படிக்கட்டும், பிறகு உங்கள் காதுக்கு வரட்டும்.

2025 நவம்பர் 7 அன்று கேன்சாஸ் பல்கலைக்கழக அணி, வட கரோலினா பல்கலைக்கழக அணியோடு ஆட அதன் ஊரான சேப்பல் ஹில்லுக்கு வந்தது. ஆட்டம் டிஸ்னியின் விளையாட்டுச் சேனலான ஈ.எஸ்.பி.என்.னில். ஆனால் டிஸ்னிக்கும், இணையம் வழியே சேனல்களைக் காசுக்குக் கொடுக்கும் யூடியூப் டிவிக்கும் கட்டணத் தகராறு. அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் 14 வரை ஈ.எஸ்.பி.என்., உங்கள் லீக்கின் சேனலான ஏ.சி.சி. நெட்வொர்க் எதுவும் யூடியூப் டிவியில் இல்லை. சீசன் தொடங்கியதோ நவம்பர் 3. அதாவது முதல் பதினொரு நாள் போச்சு.

இதே இரண்டு அணிகள் 1957 மார்ச் 23 அன்று தேசிய இறுதியாட்டத்தில் மோதின. எதிரே கேன்சாஸின் நட்சத்திரம் வில்ட் சேம்பர்லின். மூன்று கூடுதல் நேரம் ஓடி, 54-53 என்று வட கரோலினா ஜெயித்தபோது இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. காஸில்மன் செஸ்லி என்ற ஒருவர் கேன்சாஸ் சிட்டியிலிருந்து அந்த ஆட்டத்தை இந்த மாநிலத்து நிலையங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். டிவி இருந்த வீட்டில் அக்கம்பக்கம் மொத்தமும் கூடியிருக்கிறது. அதில் கிடைத்த தைரியத்தில்தான் அவர் அடுத்த சீசனிலிருந்து ஏ.சி.சி. ஆட்டங்களை ஒளிபரப்பத் தொடங்கினார். விளம்பரம் கொடுத்தது கிரீன்ஸ்பரோவின் பைலட் லைஃப் காப்பீட்டு நிறுவனம். உள்ளூர் ஆட்டம், உள்ளூர் நிலையம், உள்ளூர் விளம்பரம். உங்கள் லீக் இந்தப் பக்கத்து மனிதர்களுக்குச் சொந்த விஷயமாக ஆனது அப்படித்தான்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்வார்: ஏ.சி.சி. போட்டித்தொடர் நடக்கும் வெள்ளிக்கிழமை, வகுப்புக்குள் டிவியைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு வருவார்களாம். ஆசிரியரும் சேர்ந்து உட்கார்ந்துவிடுவாராம். நான் முதலில் கதை என்றுதான் நினைத்தேன். அந்தத் தலைமுறையில் யாரைக் கேட்டாலும் இதையே சொல்கிறார்கள்! அப்புறம் அந்த இன்னொரு பழக்கம்: டிவி சத்தத்தை அடைத்துவிட்டு, வானொலியில் வட கரோலினா அணியின் வர்ணனையாளர் வுடி டர்ஹமைக் கேட்பது. 1971 முதல் 2011 வரை நாற்பது வருடம் ஒரே குரல்.

பணம் வேண்டாம் என்று உங்களிடம் சொல்ல நான் யார்? 2010இல் ஈ.எஸ்.பி.என்.னோடு 12 ஆண்டுக்கு 186 கோடி டாலர் ஒப்பந்தம், பிறகு 2036 வரை நீட்டிப்பு, 2019 ஆகஸ்டில் சொந்த சேனல். போட்டி லீக்குகளான பிக் டென்னும் எஸ்.இ.சி.யும் முன்னே ஓடும்போது நீங்கள் நின்று பார்க்க முடியாது. சரி. ஆனால் அந்தச் சேனல் வந்ததோடு, ரேகாம் என்ற ஒளிபரப்பு நிறுவனம் பல வருடங்களாக உள்ளூர் நிலையங்களுக்குக் கொடுத்துவந்த ஆட்டங்கள் நின்றன. புதுச் சேனலை கேபிள் நிறுவனமான காம்காஸ்ட் தன் பட்டியலில் சேர்க்க 2021 டிசம்பர் ஆனது. இப்போது ஈ.எஸ்.பி.என்.னை நேரடியாக வாங்கலாம் என்கிறார்கள், மாதம் 29.99 டாலர். நவம்பரிலிருந்து மார்ச் வரை கணக்குப் போட்டால் 150 டாலர்.

2025 மார்ச்சில் உங்கள் உறுப்பினர்களான கிளெம்சன், ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகங்களுடனான வழக்குகளைத் தீர்த்துக்கொண்டபோது ஒரு விதி போட்டீர்கள்: டிவி வருமானத்தில் 60 சதவீதத்தைப் பார்வையாளர் எண்ணிக்கை பார்த்துப் பங்கிடுவது. இதுதான் எனக்குப் புரியவில்லை. தலையை எண்ணிக் காசு கொடுப்பவர், கதவைச் சாத்திவைப்பாரா? டியூக் போன்ற பெரிய அணிக்குக் கவலையில்லை, யாரானாலும் தேடிப் பார்ப்பார்கள். வேக் ஃபாரஸ்ட் போன்ற சிறிய அணிக்கு? தற்செயலாகச் சேனல் மாற்றும்போது கண்ணில் படுபவர்தான் அவர்களுக்குப் புது ரசிகர்.

வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. 2023இலிருந்து ரேகாம் மூலமாக தி சி.டபிள்யூ. என்ற இலவச சேனலில் வருடத்துக்கு 28 ஆண்கள் ஆட்டம், 9 பெண்கள் ஆட்டம் ஆன்டெனாவில் இலவசமாக வருகின்றன. அந்த ஏற்பாடு 2026-27 வரை. அடுத்த பேச்சில், அணி ஆடும் நாளில் அதன் சொந்த ஊர் நிலையம் ஒன்றிலும் அதே ஆட்டம் ஓட இடம் கேளுங்கள். தேசிய அளவில் ஈ.எஸ்.பி.என். வைத்துக்கொள்ளட்டும், ராலேயில் மட்டும் திறந்து விடட்டும். லாபம் பார்க்கும் தொழில்முறை அணிகளே இதைச் செய்துவிட்டன: 2023இல் ஃபீனிக்ஸ் சன்ஸும் யூட்டா ஜாஸும் கேபிள் சேனலை விட்டு உள்ளூர் நிலையங்களுக்குப் போயின. சன்ஸ் அணி தன் ரசிகர்களுக்கு ஆன்டெனாவே இலவசமாகக் கொடுத்தது.

கூடவே அந்த 9ஐயும் கொஞ்சம் பாருங்கள். உங்கள் லீக்கின் என்.சி. ஸ்டேட் பெண்கள் அணி 2024இல் தேசியப் போட்டியின் இறுதி நால்வர் வரை போனது. 28க்கு 9 என்பது எந்தக் கணக்கு?

என் வீட்டு ஜன்னலில் ஆன்டெனா மாட்டியாகிவிட்டது.

இப்படிக்கு,
கேரியிலிருந்து ஒரு ரசிகன்