வண்டிக்குள் உட்கார்ந்து வரைந்தவர்

அன்பு மகள் கயலுக்கு,

பாரிஸ் தெருவில் எல்லாரும் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள், ஒரு முகம்கூட மனதில் தங்குவதில்லை என்று போனில் சொன்னாயே. அப்போதே ஒருவரைப் பற்றிச் சொல்ல நினைத்தேன், அதற்குள் அம்மா போனை வாங்கிவிட்டாள். ழான் பெரோ என்று ஓர் ஓவியர். 1849இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். அப்பா சிற்பி. அவர் இறந்த பிறகு குடும்பம் பாரிசுக்கு வந்தது. சட்டம் படித்தவர், பிரஷ்யாவோடு நடந்த 1870 போருக்கு அப்புறம் தூரிகை பிடித்தார். சட்டத்துக்கு ஒன்றும் நஷ்டமில்லை!

வாடகைக்கு ஓடுகிற மூடு குதிரை வண்டியையே அவர் படம் வரையும் அறையாக மாற்றிக்கொண்டார். தெருவோரம் நிறுத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்து ஜன்னல் வழியாக வரைவார். சவாரிக்கு நிற்கும் வண்டி என்றுதானே போகிறவர்கள் நினைத்திருப்பார்கள்? அதனால்தானோ என்னவோ, அவர் படத்தில் யாரும் போஸ் கொடுப்பதில்லை.

மோனே என்ற ஓவியர் 1873இல் அதே ஊரின் கபுசின் பெருந்தெருவை மாடியிலிருந்து வரைந்தார். அதில் மனிதர்கள் வெறும் தீற்றல்கள். பெரோ கீழே இறங்கி நின்றவர். சேன் நதியின் போன்தேசார் பாலத்தில் காற்றடிக்கும் நாளை வரைந்திருக்கிறார், பார். உடம்பைக் குனித்து, தொப்பியைப் பிடித்துக்கொண்டு காற்றை எதிர்த்து நடக்கிறார்கள். பின்னால் பிரெஞ்சு அறிஞர் கழகமான இன்ஸ்டிட்யூட்டின் குவிமாடம். இப்போது நீ நடக்கிற பாலம் 1980களில் திரும்பக் கட்டியது. ஆனால் குவிமாடம் அதேதான்.

பெரிய மேதை என்று சொல்லமாட்டேன். ரொம்ப வழவழப்பாக முடிப்பார், பெண்கள் எல்லாரும் அழகாகவே இருப்பார்கள். மோனே போன்றவர்கள் வெளிச்சத்தைத் துரத்திக்கொண்டிருந்தபோது இவர் சலோன் என்ற பெரிய ஓவியக் கண்காட்சிக்குப் பிடித்த மாதிரியே தீட்டினார். இருந்தாலும் தொப்பிப் பெட்டியோடு தெருவைக் கடக்கும் கடைப்பெண், விளம்பரம் ஒட்டிய உருளைத் தூண், ஈரச் சாலை எல்லாம் வேண்டுமென்றால் இவரிடம்தான் போக வேண்டும்.

இவருக்காக, பாரிஸின் வரலாற்றைச் சொல்லும் கார்னவாலே அருங்காட்சியகத்துக்குப் போ. மாரே பகுதியில் இருக்கிறது, சேன்-போல் மெட்ரோவில் இறங்கி நடந்தால் போதும். நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் கிடையாது. திங்கட்கிழமை மட்டும் போகாதே, மூடியிருக்கும். பக்கத்தில் போய், நடைபாதை ஈரத்தை எந்த நிறத்தில் வைத்திருக்கிறார் என்று பார்த்து எழுது. என்னிடமுள்ள புத்தகத்தின் அச்சில் எல்லாம் ஒரே பழுப்பாக இருக்கிறது.

அன்புடன்,
அப்பா