53-என் என்ற குப்பி

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள மகள் கயல்விழிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நலம். தடுப்பூசி ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவை விட்டுவிட்டு ஆராய்ச்சிப் பக்கம் போகப்போவதாகச் சொன்னாய். போவதில் எனக்கு மறுப்பு இல்லை. உன் படிப்புக்கு அது பொருத்தமானதுதான். ஆனால் அதற்கு நீ சொன்ன காரணம் என் மனத்தை விட்டு அகலவில்லை. "கண்டுபிடிப்பு எல்லாம் முடிந்த பிறகு குப்பியை எண்ணிப் பார்க்கிற வேலைதானே இது" என்றாய். மருத்துவமனை ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டுகளோடு வேலைக்காலம் முழுவதையும் கழித்தவள் நான் என்பதால், இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நம் வீட்டிலிருந்து ரயிலேறினால் தாதருக்கு அடுத்த நிலையம் பரேல். அங்கே இருக்கும் ஹாஃப்கின் நிறுவனத்தின் கட்டடம் ஒரு காலத்தில் பம்பாய் ஆளுநரின் மாளிகை. 1896-இல் இந்த நகரத்தில் பிளேக் பரவியபோது, ஒடெஸாவில் பிறந்து பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டெமார் ஹாஃப்கினை அரசு இங்கே வரவழைத்தது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறிய அறை, ஓர் எழுத்தர், மூன்று சேவகர்கள். அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்தது. இறைச்சிச் சாற்றின் மேல் நெய்த் துளிகளை மிதக்கவிட்டு அதில் பிளேக் கிருமியை இட்டார். ஒவ்வொரு துளியின் அடியிலிருந்தும் கிருமிக் கூட்டம் ஆலம் விழுதுபோல் கீழ்நோக்கித் தொங்கி வளர்ந்தது. அப்படி வளர்ந்ததைச் சூட்டினால் கொன்று, 1897 ஜனவரி 10 அன்று முதலில் தன் உடம்பிலேயே ஊசியாகப் போட்டுக்கொண்டார். அதே மாதம் பைகுல்லா சிறையில் நோய் கண்டபோது, தாமாக முன்வந்த கைதிகளுக்குப் போட்டார். போட்டுக்கொள்ளாதவர்களில் 12 பேருக்கு நோய் வந்து 6 பேர் இறந்தார்கள். போட்டுக்கொண்டவர்களில் 2 பேருக்கு வந்தது, ஒருவரும் இறக்கவில்லை.

பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகின்றன. நீ படிக்க வேண்டியது இதற்குப் பிறகு நடந்ததைத்தான்.

1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபில், இப்போது பாகிஸ்தானில் இருக்கும் முல்கோவால் என்ற ஊரில், 107 பேருக்கு அந்த ஊசி போடப்பட்டது. ஒரு வாரம் கழித்து அவர்களில் 19 பேருக்கு ரணஜன்னி (டெட்டனஸ்) கண்டது. 19 பேரும் இறந்துபோனார்கள். அத்தனை பேருக்கும் மருந்து ஒரே குப்பியிலிருந்து போயிருந்தது. அதன் எண் 53-என். பம்பாய் ஆய்வகம் அப்போது மருந்தைக் கெடாமல் காக்கக் கார்பாலிக் அமிலம் சேர்ப்பதை விட்டு, சூட்டை மட்டும் நம்பும் முறைக்கு மாறியிருந்தது. விசாரணைக் குழு அதையே குற்றமாகக் காட்டி, குப்பி ஆய்வகத்திலேயே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டியது. ஹாஃப்கின் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார்.

கயல், அந்தக் குப்பியைத் திறந்த விதத்தைக் கேள். உதவியாளரின் கையிலிருந்து இடுக்கி மண்ணில் விழுந்தது. அதைக் கார்பாலிக் கரைசலில் ஒரு முறை முக்கி எடுத்து, அதனாலேயே தக்கையைப் பிடுங்கினார். ரணஜன்னிக் கிருமியின் வித்து மண்ணில் இருப்பது. அந்த ஒரு முக்கலில் அது சாகாது. ஊசி போட்ட மருத்துவர் குப்பியைத் திறந்ததும் முகர்ந்து பார்த்திருக்கிறார். கெட்ட வாடை எதுவும் இல்லை. அந்தக் கிருமி ஆய்வகத்திலேயே புகுந்து வாரக்கணக்கில் உள்ளே வளர்ந்திருந்தால் நாற்றம் மூக்கைத் துளைத்திருக்கும். நஞ்சும் குப்பியிலேயே ஊறியிருக்கும், நோய் இன்னும் விரைவாக வந்திருக்கும். இந்த நியாயங்களை எடுத்துச் சொல்லி, மலேரியாவை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் ராஸ் முதலானோர் 1907-இல் லண்டன் 'டைம்ஸ்' இதழுக்குக் கடிதம் எழுதிய பிறகுதான் அரசு ஹாஃப்கினைக் குற்றமற்றவர் என ஏற்றது. இத்தனை தெளிவான ஒன்றுக்கு ஐந்தாண்டு பிடித்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமைதான். இடையில் அந்த மனிதர் பட்ட அவமானத்தை யார் ஈடுசெய்வது?

இப்போது உன் மேசைக்கு வருகிறேன். கிருமியின்மைச் சோதனைக்காக நீ 14 நாள் பார்த்துக்கொண்டிருக்கிறாயே, தையோகிளைகோலேட் என்ற கிருமி வளர்ப்புச் சாறு ஊற்றிய அந்தக் குழாயின் மேற்பகுதியில் மட்டும் இளஞ்சிவப்பு நிறம் தெரியும். காற்று அதுவரைக்கும்தான் இறங்கியிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அதற்குக் கீழே காற்றில்லாத இடம். ரணஜன்னிக் கிருமியின் இனம் வளர்வதற்கென்றே அந்தச் சாறு அப்படி ஆக்கப்பட்டிருக்கிறது. பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ அடியில் மெல்லிய கலங்கல் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் கண்ணுக்குப் பின்னால் முல்கோவால் இருக்கிறது. மருந்து சரியாகவே இருந்தும் தக்கையில் ஆள் செத்தார்கள். எண் எழுதி வைத்திருந்ததால்தான் 19 பேரும் ஒரே குப்பியைச் சேர்ந்தவர்கள் என்றாவது தெரிந்தது. நெய்த் துளியில் கிருமி வளர்த்ததைக் கண்டுபிடிப்பு என்றும் இதை எண்ணிக்கை வேலை என்றும் பிரிக்க என் மனம் ஒப்பவில்லை.

ஆராய்ச்சிக்குப் போவதானால் இந்தப் பழக்கத்தோடு போ. அங்கே உன் மருந்து எலியில் வேலை செய்துவிட்டால் எல்லோரும் மகிழ்வார்கள். அதைக் குப்பியில் அடைப்பது எப்படி, திறப்பவர் யார், அவர் கையில் இருக்கும் கருவி என்ன என்று கேட்கிற ஒருவர் அந்த அறையில் இருக்க வேண்டும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். உங்கள் ஆலையில் ஒவ்வொரு பேட்சிலிருந்தும் எடுத்து வைக்கும் மாதிரிக் குப்பிகளை எவ்வளவு காலம் பாதுகாக்கிறார்கள், கெடு தேதி முடிந்த பிறகும் வைத்திருக்கிறார்களா என்று விசாரித்து எழுது. எங்கள் ஆய்வகத்தில் இந்த ஏற்பாடு கிடையாது; தெரிந்துகொள்ள ஆசை. அப்பாவுக்கும் இரண்டு வரி சேர்த்து எழுது.

அன்புடன்,
அம்மா