கம்பி கட்டுபவர் கைக்கும் போக வேண்டிய பக்கங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கட்டுமானத் தளங்களில் 31 ஆண்டுகள் பொறியாளராக இருந்தவன் நான். 2001 ஜனவரி 26 அன்று புஜ் நிலநடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. வாகனம் நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தைச் சுவரின்றித் திறந்துவிட்டிருந்த கட்டடங்கள் அவற்றில் பல. மறு ஆண்டு திருத்தப்பட்ட, நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான ஐ.எஸ். 1893 என்ற இந்தியத் தரநிலை, சென்னையை மிதமான நிலநடுக்க அபாயமுள்ள மூன்றாம் மண்டலத்தில் சேர்த்தது.

அதற்குப் பின்தான், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சி.வி.ஆர். மூர்த்தி எழுதிய நிலநடுக்கக் குறிப்புகளைப் படித்தேன். ஒவ்வொன்றும் இரண்டே பக்கம். படங்களே பாதி பேசும். தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் கம்பி வளையம்தான் ரிங். அதன் முனையிலுள்ள கொக்கியை 90 டிகிரியில் விட்டால், கட்டடம் குலுங்கும்போது அது விரிந்துவிடும். நெடுங்கம்பிகள் வெளியே பிதுங்கும். 135 டிகிரிக்கு வளைத்து, முனையைத் தூணின் உட்புறம் திருப்பினால் பிடி விடாது. நிலநடுக்கத்தைத் தாங்கக் கான்கிரீட்டில் கம்பி கட்டும் முறைக்கான தரநிலை ஐ.எஸ். 13920 சொல்வதும் இதுவே. கூடுதல் செலவு மிகக் கொஞ்சம்.

சென்ற மாதம் எங்கள் தெருவில் எழும் ஒரு கட்டடத்தில் அத்தனை ரிங்குகளும் 90 டிகிரியில் இருந்தன. கேட்டேன். "இப்படித்தான் கற்றுக்கொண்டோம் ஐயா" என்றார் கம்பி கட்டும் மேஸ்திரி. அவர்மீது எனக்குக் கோபமில்லை. படிக்க வேண்டியதை யாரும் அவர் கையில் கொடுக்கவில்லை.

தங்கள் நாளிதழ் அந்த நிலநடுக்கக் குறிப்புகளில் வாரம் ஒன்றைப் படத்துடன், எளிய தமிழில் வெளியிட வேண்டுகிறேன். முதலில் அந்தக் கொக்கியின் படம் வரட்டும்.

ஓய்வுபெற்ற பொறியாளர்,
தாம்பரம்.