பிரசங்கங்களைப் புத்தகமாக்கும் மகனுக்கு

திருகோணமலை

அன்பின் தம்பி,

நீ அனுப்பின பன்னிரண்டு பிரசங்கங்களையும் வாசித்து முடித்தேன். புத்தகமாக வரவேண்டியவைதான். ஆனால் இப்படியே அச்சகத்துக்குக் கொடுத்துவிடாதே.

முதலில் ஏழாவது பிரசங்கம். கடனில் மூழ்கி மூதூரிலிருந்து வந்த தாயின் பேரை மாற்றியிருக்கிறாய்; ஊரையும் புருஷனின் தொழிலையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் அப்படியே விட்டிருக்கிறாய். இங்கே டைக் வீதியில் ஒருவர் வாசித்தாலே பொழுதுபடுமுன் ஆள் யாரென்று சொல்லிவிடுவார். வீடு சந்திக்கப் போன இடத்திலும் வைத்தியசாலைக் கட்டிலருகிலும் கேட்டவை உன்னிடம் ஒப்படைக்கப்பட்டவை. அவரே எழுதச் சொன்னாலும் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டி, சம்மதத்தை எழுத்தில் வாங்கி, பிறகும் ஒரு கிழமை பொறு. போதகரின் முகத்துக்கு நேரே “வேண்டாம்” என்று சொல்லக் கூசுகிற சனம் எங்களுடையது. கொஞ்சமும் தயக்கம் தெரிந்தால் எடுத்துவிடு. அந்த இடத்துக்கு வேதத்தில் வரும் சாறிபாத் ஊர் விதவையே போதும்.

இருபது நிமிடப் பிரசங்கம் ஏறக்குறைய 2,000 சொல் வரும். கேட்கிறவர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாதபடியால் பீடத்தில் ஒன்றை மூன்று தரம் சொல்கிறோம். வாசிக்கிறவருக்கு அது பாரம். “பிரியமானவர்களே”யையும் திரும்பச் சொன்னவற்றையும் வெட்டினால் 1,200 சொல்லில் நிற்கும்.

வசனங்களை நினைவிலிருந்து எழுதியிருக்கிறாய். வேதத்தின் 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பும் பொது மொழிபெயர்ப்பும் ஒரே வசனத்துக்குள் கலந்து கிடக்கின்றன. ஒன்றைத் தெரிந்து, முன்பக்கத்தில் குறிப்பிட்டு, ஒவ்வொரு வசனத்தையும் வேதத்தைத் திறந்து வைத்து ஒப்பிடு. பாட்டுகளிலும் கவனம் வேண்டும்: வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளுக்குத் தடையில்லை. புதுப் பாட்டு என்றால், 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதினவர் இறந்து 70 ஆண்டுவரை உரிமை உண்டு. எழுதிக் கேள்.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் ரைப் செய்த பழைய பிரசங்கங்கள்தான் கூடுதல் தொல்லை. திரையில் “அம்மா” என்று தெரிந்தாலும் கோப்புக்குள் கிடப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். மெய்யெழுத்தின் புள்ளிக்கு அங்கே அரைப்புள்ளி விசைதான். அதனால் யுனிகோட்டுக்கு மாற்றும்போது, வசன எண்களுக்கிடையே ஆங்கில எழுத்துருவில் நீ போட்ட அரைப்புள்ளிகளும் புள்ளிகளாகிவிடும். இடையில் வந்த ஆங்கிலச் சொல் தமிழ்க் குப்பையாகும். துணைக்காலுக்குப் பதிலாக “ர” அடித்த இடங்களும் இருக்கின்றன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். ஆகையால் மெய்ப்பைத் தாளில் எடு. ஒருவர் பழைய பிரதியை உரக்க வாசிக்க, மற்றவர் புதியதில் கோடு போடட்டும்.

அச்சுக்கு 96 பக்கம் வை. பதினாறு பக்க மடிப்பு ஆறு. 80 கிராம் தாளில் 48 தாள் ஏறக்குறைய 5 மில்லிமீற்றர். அட்டை வரைகிறவருக்கு முதுகின் அகலத்தை அப்படிச் சொல். உள் ஓரம் 20 மில்லிமீற்றராவது விடாவிட்டால் வரிகள் கட்டுக்குள் போய்விடும். தாளின் நார் முதுகுக்கு இணையாக ஓடுகிறதா என்று கேள். தாளை மெல்ல வளைத்தால் எளிதாக வளைகிற பக்கம் தெரியும்; அந்த வளைவு முதுகோடு நீளவாக்கில் வரவேண்டும். குறுக்கே ஓடினால் மாரிக்காலத்து ஈரத்தில் பக்கங்கள் அலையலையாய் நெளியும், புத்தகமும் விரிந்து நிற்காது. ஆகஸ்ட், செப்டம்பரில் அடித்துவிடு. ஒக்டோபருக்குப் பிறகு மழையும் வரும், நத்தார் வேலையும் வரும்.

தேசிய நூலகத்தில் நூல் எண் (ISBN) முன்னதாகவே எடு. 200 பிரதி போதும், டிஜிட்டலில். கணக்கைச் சபைக் கணக்கோடு சேர்க்காதே. திருவிருந்து ஞாயிறில் விற்காதே. மிஞ்சுகிற பெட்டிகளைச் சுவரில் முட்டாமல் பலகைமேல் வை. ஈரத்தோடு கறையானும் வரும்.

எழுத்து ஊழியத்துக்குப் புறம்பானது என்று சபையில் யாரும் சொன்னால் மனம் சோராதே. 1841இல் உதயதாரகைப் பத்திரிகையைத் தொடங்கினது அமெரிக்க மிஷன்தான். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் குருவாக இருந்துகொண்டே சரித்திரம் எழுதினார். ஆனால் மரண வீட்டுச் செய்தி வந்தால் மெய்ப்பை மூடிவிட்டு உடனே எழும்பு. காலையில் இரண்டு மணித்தியாலம் எழுத்துக்கு ஒதுக்கு. திங்கட்கிழமையைப் பிள்ளைகளுக்கு விடு.

முதல் ஆறு பிரசங்கங்களின் திருத்தம் இதோடு வருகிறது. ஏழாவதை நீ மாற்றி எழுதி அனுப்பின பிறகு மற்றவற்றைப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா