மெழுகில் ஒரு ராசராசன்

கும்பகோணம்

அன்புள்ள நண்பா,

இங்கே அனைவரும் நலம். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீரும் வந்துவிட்டது. நம் தபால்காரர் மகன், அதே நாடகக் கம்பெனி முதலாளி, தாராசுரம் பக்கம் பழைய அரிசி ஆலை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, தலைவர்களின் மெழுகுச் சிலைக் கூடம் திறக்கப்போகிறான். எம்.ஜி.ஆருக்கும் கலைஞருக்கும் இடையே எத்தனை அடி விடுவது என்று கட்சிக்காரர்கள் இப்போதே வந்து அளந்துவிட்டுப் போகிறார்களாம். தேன்மெழுகு உருகுவதற்கு அறுபது டிகிரிக்கு மேல் வேண்டும் என்றாலும், அதற்கு வெகு முன்பே இளகிவிடும். சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழே, மின்சாரம் நின்றால் காமராசர் கதி என்ன என்று கேட்டேன். "ஜெனரேட்டர் இருக்கிறது அண்ணே" என்கிறான்.

என் கவலை அதுவன்று. முகப்பில் ராசராசனை நிறுத்தப்போகிறான். உன் லண்டனில் 1835இல் பேக்கர் தெருவில் நிலையான மெழுகுச் சிலைக் கூடம் அமைத்த மேரி துஸ்ஸோ, பிரெஞ்சுப் புரட்சியில் வெட்டுண்ட தலைகளிலிருந்தே அச்செடுத்ததாகச் சொல்லிக்கொண்டவர். கொடுமைதான், ஆனாலும் அந்த முகங்களுக்கு ஓர் ஆதாரம் இருந்தது. 1014இல் மறைந்த சோழனுக்கு எதிலிருந்து அச்செடுப்பது? பெரிய கோயில் ஓவியத்தில் கருவூர்த் தேவரோடு நிற்பவர் அவர்தானா என்பதிலேயே அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு. 2018இல் அகமதாபாத்திலிருந்து மீண்டு வந்த ராசராசன் செப்புத் திருமேனியைக் காட்டினான். அது கைகூப்பி நிற்கும் அடியார் கோலம். ஒரு தனி மனிதனின் மூக்கையும் தாடையையும் அதில் தேட முடியாது. சுவாமிமலையில் ஸ்தபதிகள் தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்துச் சுட்டு, மெழுகை ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகம் வார்க்கிறார்கள். அங்கே சிற்ப இலக்கணம்தான் பேசும், யாருடைய சாயலும் வேண்டியதில்லை. இவனோ கண்ணாடி விழி பதித்து, தலைமுடியை ஒவ்வொன்றாக ஊசியால் குத்தி, இவர்தான் அவர் என்று சத்தியம் செய்யப்போகிறான். மாதிரிப் படத்தைக் கைப்பேசியில் பார்த்தேன்: முறுக்கு மீசை, உடற்பயிற்சிக் கூடத்துத் தோள்கள், பற்பசை விளம்பரத்துச் சிரிப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்ப்பார்கள். பிறகு ஆயுளுக்கும் அவர்களுக்கு ராசராசன் அந்த ஆள்தான்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறான். நம் சாரங்கபாணி சன்னதித் தெரு கணித மேதை ராமானுஜனை முகப்பில் வை, அவருக்குப் பாஸ்போர்ட் புகைப்படமாவது இருக்கிறது என்று சொல்லப்போகிறேன். "கணக்கைப் பார்க்க எவன் அண்ணே டிக்கெட் எடுப்பான்?" என்பான். நீயும் அவனிடம் தொலைபேசியில் பேசு. லண்டன்காரன் சொன்னால் எடுபடும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்