எரிவாயுக் குழாய் பணிக்கான துறைகளை மாதம் ஒருமுறை ஒரே கூட்டத்தில் அமர்த்த வேண்டி மாவட்ட ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
திருநெல்வேலி வட்டாரத்தில் இயற்கை எரிவாயு சார்ந்த தொழில் செய்வோருக்கான சங்கத்தின் தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: எரிவாயுக் குழாய் பதிப்பு, சிஎன்ஜி (அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு) வினியோகம் தொடர்பான துறைகளின் மாதாந்திர ஒருங்கிணைப்புக் கூட்டம், எரிவாயு இணைப்பு கொடுக்கும் பிட்டர்களுக்கான பயிற்சி இடம், சிலிண்டர் சோதனை வசதி வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிஎன்ஜி பங்க் நடத்துகிறவர்கள், ஆட்டோவும் காரும் சிஎன்ஜியில் ஓட கிட் மாட்டித் தரும் ஒர்க் ஷாப்காரர்கள், எரிவாயுக் குழாய் இழுக்கும் பிளம்பர்கள், பள்ளம் தோண்டிக் குழாய் பதிக்கும் சிறு காண்ட்ராக்டர்கள், சிலிண்டர் அடுக்கிய லாரி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்ததுதான் எங்கள் சங்கம். தச்சநல்லூர், பேட்டை, மேலப்பாளையம் தொடங்கி சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர் வரை உறுப்பினர்கள் இருக்கிறார்கள். எரிவாயு வினியோகிக்கும் உரிமம் எங்களில் ஒருவருக்கும் கிடையாது. பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் ஏலம் நடத்தி, பகுதிக்கு ஒரு நிறுவனம் என்று அதைக் கொடுக்கிறது. உரிமம் பெற்ற நிறுவனத்துக்கும் எரிவாயு பயன்படுத்தும் மக்களுக்கும் நடுவே நின்று வேலை பார்க்கிறவர்கள் நாங்கள்.

திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் எங்கள் ஆட்கள் தனித்தனியாக வந்து மனு கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மனுவும் ஒவ்வொரு துறைக்குப் போகிறது. அந்தத் துறை தன் பங்குக்குச் சரியான பதிலைத்தான் அனுப்புகிறது. ஆனாலும் வேலை நகரவில்லை. காரணம், சிக்கல் எந்த ஒரு துறைக்குள்ளும் இல்லை, இரண்டு துறைகளுக்கு நடுவில் இருக்கிறது. அதனால்தான் இந்த முறை சங்கமாகவே தங்களிடம் வருகிறோம்.

சென்னையை ஒட்டிய எண்ணூர் திரவ இயற்கை எரிவாயு முனையம் 2019 மார்ச் மாதம் திறக்கப்பட்டது. ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி வரையிலான 143 கிலோமீட்டர் குழாயைப் பிரதமர் 2021 பிப்ரவரி 17 அன்று நாட்டுக்கு அர்ப்பணித்தார். எரிசக்திப் பயன்பாட்டில் இயற்கை எரிவாயுவின் பங்கை 2030க்குள் 15 சதவீதமாக உயர்த்துவது ஒன்றிய அரசின் இலக்கு. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி எரிவாயு பக்கத்து மாவட்டம் வரை வந்துவிட்டது. மிச்சமிருப்பது தெருக்களுக்குள் போக வேண்டிய தூரம். அந்தத் தூரத்தில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

முதலில் சாலை தோண்டும் விஷயத்தைச் சொல்கிறோம். எங்களுக்கு அதுதான் பெரிய பாடு. ஒரு தெருவில் குழாய் பதிக்க வேண்டுமானால், சாலை யாருடையதோ அவர்களிடம் ரோடு கட்டிங் அனுமதி வாங்க வேண்டும், சீரமைப்புக் கட்டணம் கட்ட வேண்டும். அதில் எங்களுக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஒரே வழித்தடத்தில் கொஞ்ச தூரம் மாநகராட்சி சாலை, கொஞ்ச தூரம் மாநில நெடுஞ்சாலைத் துறை சாலை, நாற்கர சாலையைக் கடக்கும் இடத்தில் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் என்று வரும். இரண்டு இடத்தில் அனுமதி கிடைத்து மூன்றாவது வராவிட்டால் மொத்த வேலையும் நிற்கும். மூன்றாவது கைக்கு வருவதற்குள் முதல் அனுமதியின் காலக்கெடு முடிந்துவிடும். அப்புறம் ஆரம்பத்திலிருந்து விண்ணப்பம்.

இதோடு நம் ஊர் மழைக்காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டுகிறோம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பள்ளம் தோண்ட முடியாது, தோண்டவும் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் நம் மாவட்டமும் தூத்துக்குடியும் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் யாரும் மழை நேரத்தில் திறந்த பள்ளம் வைக்கச் சம்மதிக்க மாட்டார்கள். ஆகவே ஆகஸ்ட்டில் கிடைக்க வேண்டிய அனுமதி செப்டம்பர் கடைசியில் கிடைத்தால், காகிதத்தில் அது ஒரு மாதத் தாமதம், எங்களுக்கு அது தை மாதம் வரை தாமதம். பதித்த குழாயின் நீளத்துக்குத்தான் காண்ட்ராக்டருக்குக் காசு. முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்த ஆட்களை அவர் அத்தனை நாளும் எப்படி வைத்துச் சோறு போடுவார்? சங்கத்தின் சேமிப்பிலிருந்து கைமாற்றுக் கொடுத்துச் சிலரைத் தூக்கி நிறுத்தியிருக்கிறோம். ஆனால் எல்லாருக்கும் கொடுக்கச் சங்கத்திடம் பணம் இல்லை.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு தெருவில் நடந்ததைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம். எங்கள் உறுப்பினர் முறையாக அனுமதி வாங்கி, சுமார் ஒரு மீட்டர் ஆழத்தில் மஞ்சள் நிற பிளாஸ்டிக் குழாயைப் பதித்து, மேலே மணல் பரப்பி, எச்சரிக்கை விரிப்பும் போட்டு மூடினார். தார் போட்டுச் சில வாரம்தான் ஆகியிருந்தது. வேறொரு பணிக்காக வந்த ஜேசிபி அதே இடத்தைத் தோண்டியது. எச்சரிக்கை விரிப்பு கிழிந்து பக்கெட்டில் தொங்கியதைப் பார்த்தும் ஓட்டுநருக்கு அது என்னவென்று தெரியவில்லை. அடுத்த வெட்டில் குழாய் அறுந்தது. அதில் அப்போது எரிவாயு ஏற்றியிருக்கவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஓட்டுநரைக் குறை சொல்லவும் மாட்டோம். கீழே என்ன இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லி அனுப்பவில்லை. எரிவாயு ஏற்றிய பிறகு இப்படி ஒன்று நடக்கக் கூடாது என்பதுதான் எங்கள் கவலை.

தோண்டுவதற்கு முன் தகவல் சொல்வதற்கென்றே ஒன்றிய அரசு 2023 மார்ச்சில் ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலியைக் கொண்டுவந்தது. எங்கள் காண்ட்ராக்டர்கள் அதில் பதிவு செய்யச் சங்க அலுவலகத்திலேயே ஒருவரை உட்கார வைத்திருக்கிறோம். ஆனால் குடிநீர், பாதாளச் சாக்கடை, மின்கேபிள், டெலிபோன் என எல்லாருடைய காண்ட்ராக்டர்களும் பதிவு செய்தால்தான் அது பயன்படும். மாவட்டத்தில் யார் தோண்டினாலும் இதில் பதிவு செய்துவிட்டே தோண்ட வேண்டும் என்று தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போனால், அதற்கு இருக்கும் மதிப்பே வேறு.

ஆகவே எங்கள் முதன்மைக் கோரிக்கை இது. தங்கள் தலைமையிலோ, தாங்கள் நியமிக்கும் அதிகாரி தலைமையிலோ, மாதம் ஒருமுறை ஒரு கூட்டம் நடக்க வேண்டும். மாநகராட்சி, நெடுஞ்சாலைத் துறை, தேசிய நெடுஞ்சாலை ஆணையம், குடிநீர் வடிகால் வாரியம், மின்வாரியம், போக்குவரத்துக் காவல், தீயணைப்புத் துறை, உரிமம் பெற்ற எரிவாயு நிறுவனம் ஆகியோரோடு எங்கள் பிரதிநிதி ஒருவரும் அதில் இருக்க வேண்டும். அந்த மாதம் எந்தத் தெருவை யார் தோண்டப் போகிறார்கள் என்ற பட்டியலை அங்கேயே ஒப்பிட்டுப் பார்த்தால், ஒரே தெருவை மூன்று முறை தோண்டும் நிலை குறையும். நிலுவையில் உள்ள விண்ணப்பங்களுக்கு ஆம், இல்லை என்று ஒரு பதில் கிடைத்தால் போதும். ‘இல்லை’ என்றால்கூட ஆட்களை வேறு வேலைக்கு அனுப்பிவிடுவோம்.

அடுத்தது பயிற்சி. சங்கம் செய்துவரும் வேலைகளில் நாங்கள் மிகவும் பெருமைப்படுவது இதில்தான், இடமில்லாமல் தவிப்பதும் இதில்தான். எல்பிஜி அடுப்பில் பல வருடம் கை பழகிய பிட்டருக்கு இயற்கை எரிவாயு புதிது. எல்பிஜி கசிந்தால் காற்றைவிடக் கனமாக இருப்பதால் தரையோடு தேங்கும். அதனால் கீழே காற்றோட்டம் வைப்பார்கள். இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது, மேலே எழும்பும். கூரையை ஒட்டித் திறப்பு வேண்டும். பழைய பழக்கத்தில் கீழே மட்டும் ஓட்டை விட்டால் அந்தச் சமையலறையில் ஆபத்து தலைக்கு மேல் நிற்கும். அடுப்பும் அப்படித்தான். வீட்டு எல்பிஜி அடுப்புக்கு ரெகுலேட்டர் 30 மில்லிபார் அழுத்தத்தில் வாயு கொடுக்கும், குழாயில் வருவதோ 21 மில்லிபார். பர்னருக்குள் வாயு விடும் பழைய ஜெட்டை அப்படியே விட்டால் தீ சிறுத்துப் போகும். துளை பெரிதான ஜெட் மாற்ற வேண்டும், தீ நீலமாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். பயிற்சிக்கு வரும் பையன்களிடம் நாங்கள் முதல் நாள் கொடுப்பது ஸ்பேனர் அல்ல, ஒரு கிண்ணம் சோப்பு நீரும் பிரஷும்தான்.

நம் ஊரில் இதன் அருமை எல்லாருக்கும் புரியும். கோதுமைப் பாலை ஊற்றி மணிக்கணக்கில் கிண்டும் அல்வா அடுப்பில் தீ ஒரே சீராக நிற்க வேண்டும். இறங்கினால் பதம் வராது, ஏறினால் அடிப்பிடிக்கும். குழாய் எரிவாயு பற்றிக் கேட்க வரும் அல்வா கடைக்காரர்களும் ஓட்டல்காரர்களும் விலைக்கு முன்னால் கேட்பது தீயைப் பற்றித்தான். வீடுகளுக்கும் வாகனங்களுக்கும் உள்நாட்டு எரிவாயு முன்னுரிமையில் ஒதுக்கப்படுகிறது. கடைகளுக்கும் ஆலைகளுக்கும் அந்தச் சலுகை இல்லை, இறக்குமதி விலையின் ஏற்ற இறக்கம் அவர்கள் பில்லில் தெரியும். ஜிஎஸ்டிக்குள் எரிவாயு வராததால் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. இதையெல்லாம் சொல்லித்தான் ஆலோசனை தருகிறோம். ‘இப்போதைக்கு உங்களுக்குக் கட்டுப்படியாகாது, சிலிண்டரிலேயே இருங்கள்’ என்று சொல்லி அனுப்பியதும் உண்டு. நம்பிக் கேட்க வருகிறவரிடம் உள்ளதைச் சொல்வதுதான் முறை.

பேட்டை அரசு ஐடிஐயில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பயிற்சிக் கூடத்தை எங்களுக்குத் தர ஆவன செய்ய வேண்டுகிறோம். குழாய், மீட்டர், அடுப்பு, கருவிகள், சொல்லிக்கொடுக்கும் ஆள் எல்லாம் எங்கள் பொறுப்பு. மின்கட்டணத்தையும் கட்டிவிடுகிறோம். அங்கே படிக்கும் பிள்ளைகள் விரும்பினால் கட்டணமில்லாமல் சேர்ந்துகொள்ளலாம். ஊரிலேயே வேலை பார்க்க ஒரு தொழில் கையில் இருக்கும்.

ஆட்டோ ஓட்டுநர்களின் பாடு ஒன்று இருக்கிறது. சிஎன்ஜி சிலிண்டரில் வாயு 200 பார் அழுத்தத்தில் இருக்கும். காரின் டயரில் இருப்பதைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு. அதனால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சிலிண்டரைக் கழற்றி, தண்ணீர் ஏற்றி, இன்னும் கூடுதலான அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். தேதி தாண்டிய சிலிண்டருக்கு வாயு நிரப்பக் கூடாது. சரியான விதி. ஆனால் கழற்றிய சிலிண்டரை வெளியூருக்கு அனுப்பி, அது திரும்பி வரும் வரை ஆட்டோ வீட்டு வாசலில் நிற்கும், அன்றன்றைய வருமானம் நிற்கும். சங்கத்தில் ஒரு தேதி நோட்டு வைத்திருக்கிறோம். யார் சிலிண்டருக்கு எப்போது சோதனை என்று எழுதி, முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லி, பலருடையதைச் சேர்த்து ஒரே வண்டியில் அனுப்பி வாடகையைப் பங்கிட்டுக்கொள்கிறோம். எங்களால் முடிந்தது அவ்வளவுதான். கங்கைகொண்டான் சிப்காட் வளாகத்திலோ வேறு தகுந்த இடத்திலோ அங்கீகாரம் பெற்ற சோதனை மையம் அமைக்க யாராவது முன்வந்தால், இடமும் மின் இணைப்பும் விரைவாகக் கிடைக்க உதவுமாறு வேண்டுகிறோம். சங்க உறுப்பினர்களிலேயே இதற்கு ஆர்வமுள்ளவர்கள் இருக்கிறார்கள்.

குழாய் எட்டாத சிஎன்ஜி பங்க்குகளுக்கு லாரியில் சிலிண்டர் அடுக்கித்தான் எரிவாயு வருகிறது. லாரியில் அழுத்தம் குறையக் குறைய வண்டிகளுக்கு முழுதாக நிரம்பாது. ‘பிரஷர் இருக்கா அண்ணாச்சி?’ என்று கேட்டுவிட்டுத்தான் ஆட்டோக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். காலை, மாலை நெரிசலில் கனரக வாகனங்களை ஊருக்கு வெளியே நிறுத்தும்போது இந்த லாரிகளும் நின்றுவிடுகின்றன. பாலுக்கும் மருந்துக்கும் தருவதுபோல இவற்றுக்கும் விலக்குத் தர முடியுமா என்று பரிசீலிக்க வேண்டுகிறோம். பள்ளி விடும் நேரத்தைத் தவிர்த்து, காவல்துறை சொல்லும் வழியில் மட்டுமே ஓட்டுவோம் என்று ஓட்டுநர்கள் எழுதித் தரத் தயார்.

எரிவாயு தொடர்பான அவசரகால ஒத்திகை மாவட்டத்தில் நடக்கும்போது எங்கள் பிட்டர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெருவில் வாசனை வருகிறது என்றால் மக்கள் முதலில் கூப்பிடுவது பக்கத்துத் தெரு பிளம்பரைத்தான். எந்த வால்வை மூட வேண்டும், எதைத் தொடக் கூடாது, தீயணைப்புத் துறைக்கு என்ன தகவல் சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

உறுப்பினர் பட்டியல், தெருவாரியாக நிலுவையில் உள்ள சாலை அனுமதி விண்ணப்பங்களின் விவரம், பயிற்சிப் பாடத்திட்டம் ஆகியவற்றை இந்த மனுவோடு இணைத்துள்ளோம். பருவமழை தொடங்கும் முன் முதல் கூட்டம் நடந்தால் இந்த ஆண்டு வேலையில் ஒரு பகுதியையாவது முடித்துவிடலாம். தேதியைத் தெரிவித்தால், எந்தத் தெருவில் எந்த இடத்தில் வேலை நிற்கிறது என்று குறித்த வரைபடத்தோடு எங்கள் பிரதிநிதிகள் நேரில் வருவார்கள்.

நன்றி.

இடம்: திருநெல்வேலி

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சங்கத் தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்